ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவிய கதை



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த குழுவினர், "சார், எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்க. ஹாஸ்டல் கதை மட்டும் வேண்டாம், அது நிறைய வந்துடுச்சு" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால் மெஸ் சாம்பாரை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, நான் கொஞ்சம் சரித்திரம் சொல்லலாம் என்று இருக்கிறேன். பயப்பட வேண்டாம், ராஜா ராணி சரித்திரம் இல்லை. படிக்கிற பிள்ளைகள் படிக்கும்போதே வெளி ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துச் செய்து முடித்துக் கொடுக்கும் பழக்கம் எங்கே தொடங்கியது, எப்படி வளர்ந்தது என்ற சரித்திரம்.

இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நேர்முகத் தேர்வு மேஜையின் அந்தப் பக்கம் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். எண்பது சதவீதத்துக்கு மேல் மார்க் வாங்கிய பிள்ளைகள் வருவார்கள். கேள்வி கேட்டால் ஃபார்முலா மடமடவென்று வரும். "சரிப்பா, நீயா பொறுப்பெடுத்து, குறிச்ச தேதியில முடிச்சு, இன்னொருத்தர் கையில ஒப்படைச்ச வேலை ஒண்ணு சொல்லு" என்றால் அறை அமைதியாகிவிடும். இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தங்க எழுத்து அட்டையோடு எடுத்து நீட்டுவார்கள். அது யாருக்காகச் செய்யப்பட்டது என்றால், வைவாவுக்காக! வைவா முடிந்ததும் அது துறை அலமாரிக்குப் போய்விடும். யாரும் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை.

இந்தக் குறை நமக்கு மட்டும் வந்ததல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே மற்றவர்களுக்கும் வந்திருக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

சின்சினாட்டி, 1906

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லஹேம் என்று ஓர் ஊர். அங்கே லீஹை பல்கலைக்கழகம். பக்கத்திலேயே பெரிய எஃகு ஆலை. லீஹையில் படித்து அங்கேயே பாடமும் நடத்திய ஹெர்மன் ஷ்னைடர், ஒரு மாலை வேளையில் வளாகத்தில் நடந்துகொண்டிருந்தபோது ஆலையின் உலை வெளிச்சம் கண்ணில் பட்டதாம். இந்தப் பக்கம் கல்லூரி, அந்தப் பக்கம் ஆலை, இரண்டையும் ஏன் சேர்க்கக் கூடாது என்று அப்போதுதான் தோன்றியதாம். அப்படி ஒரு கதை சொல்வார்கள்.

கதை எப்படியோ, காரியம் நடந்தது சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில். 1903-ல் அங்கே போய்ச் சேர்ந்த ஷ்னைடர், 1906-ல் 27 மாணவர்களை வைத்துத் திட்டத்தைத் தொடங்கினார். ஏற்பாடு எளிமையானது. மாணவர்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ப்பது. இந்த வாரம் ஒருவன் வகுப்பில், இன்னொருவன் தொழிற்சாலையில். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்ள வேண்டும். முதலாளிக்கு எப்போதும் ஓர் ஆள் இருப்பான், வேலை நிற்காது. மாணவனுக்குக் கூலியும் உண்டு.

இதற்கு நிர்வாகக் குழு கொடுத்த அனுமதிதான் வேடிக்கை. ஒரு வருஷம் முயன்று பார்க்கலாம், தோற்றுப் போனால் நாங்கள் பொறுப்பல்ல என்ற பொருளில் தீர்மானம் போட்டார்கள். கமிட்டிகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது! ஷ்னைடரோ தோற்கவில்லை. பிற்பாடு அதே பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகவே ஆனார். 'கோ-ஆப்' என்ற பெயரில் அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. மாணவன் தொழிற்சாலையில் ஒரு கை, அவ்வளவுதான். கொடுத்த வேலையைச் செய்வான். "எங்கள் பிரச்சினை இது, தீர்த்துக் கொடு" என்று யாரும் அவனை நம்பி ஒப்படைப்பதில்லை. அந்த அடுத்த படி பத்து வருஷம் கழித்து வந்தது.

பாஸ்டன் பக்கத்து எம்.ஐ.டி., 1916

எம்.ஐ.டி. என்றதும் குரோம்பேட்டைக்குப் போய்விடாதீர்கள். இது பாஸ்டன் அருகே கேம்பிரிட்ஜில் இருக்கும் மாஸசூஸட்ஸ் எம்.ஐ.டி. அங்கே வில்லியம் வாக்கர் என்ற வேதிப் பொறியியல் பேராசிரியரும் ஆர்தர் லிட்டில் என்பவரும் சேர்ந்து 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள்.

இந்த லிட்டில் யார் தெரியுமா? கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வதையே தொழிலாக்கியவர்களில் முன்னோடி. 1886-லேயே கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து தொழில் தொடங்கியவர். 'பன்றிக் காதை வைத்துப் பட்டுப் பை தைக்க முடியாது' என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி; நம்ம ஊரில் நாய் வாலை நிமிர்த்த முடியாது என்கிறோமே, அந்த ரகம். 1921-ல் லிட்டில் கம்பெனி நிஜமாகவே பன்றிக் காதுகளிலிருந்து காய்ச்சிய பசையை எடுத்து, நூலாக இழுத்து, நெய்து, ஒரு பையைத் தைத்துக் காட்டிவிட்டது! முடியாது என்று சொல்வதற்கு முன்னால் முயன்று பார் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவர் மாணவர்களை என்ன செய்யச் சொல்லியிருப்பார் என்று ஊகிக்கலாம். கோடக் காமிரா கம்பெனியின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 3 லட்சம் டாலர் கொடுத்தார். (இதே ஈஸ்ட்மன்தான் எம்.ஐ.டி.யின் புதுக் கட்டடங்களுக்கு 'மிஸ்டர் ஸ்மித்' என்ற பெயரில் மறைந்திருந்து பணம் கொடுத்தவர். நிஜப் பெயர் 1920-ல்தான் வெளியே வந்தது. நம் சங்கத்துக்கும் அப்படி ஒரு ஸ்மித் வரமாட்டாரா!) ஆலைகளிலேயே 'ஸ்டேஷன்'கள் அமைத்தார்கள். மாணவர்கள் அங்கே குடியேறினார்கள். கூடவே எம்.ஐ.டி.யிலிருந்து ஒரு ஆசிரியரும் குடியேறினார். இதைக் கவனியுங்கள், பிற்பாடு இதற்கு வருகிறேன்.

நாளடைவில் ஒரு முறை நிலைத்தது. ஆலை நிர்வாகம் தன் நிஜப் பிரச்சினை ஒன்றைக் கொடுக்கும். மூன்று நான்கு பேர் கொண்ட குழு அதை எடுத்துக்கொள்ளும். கெடு ஏறக்குறைய ஒரு மாதம். முதலில் என்ன செய்யப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துப் பேச வேண்டும். நடுவில் எவ்வளவு ஆயிற்று என்று சொல்ல வேண்டும். கடைசியில் ஆலையின் எஞ்சினியர்கள் எதிரில் நின்று முடிவைச் சொல்லி ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அடுத்த ப்ராஜெக்டுக்கு வேறு ஒருவர் தலைவர். நேற்று உத்தரவு போட்டவன் இன்று உத்தரவு கேட்பான். முதல் உலகப் போரின்போது சில காலம் நின்று போய், மறுபடி தொடங்கி, 2016-ல் இந்தப் பள்ளி நூறு வருஷத்தைத் தாண்டியது.

கல்யாண வீட்டுக் கணக்கு

இதே காலத்தில் இன்னொரு பக்கம் 'ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட்' என்பது தனிப் பாடமாக உருவாகிக்கொண்டிருந்தது. 1910-களில் ஹென்றி காண்ட் வேலைகளைக் கோடு கோடாகக் கட்டம் போட்டுக் காட்டும் முறையைப் பிரபலப்படுத்தினார். 1957-ல் டூபாண்ட் கம்பெனியும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து 'கிரிட்டிக்கல் பாத்' முறையைக் கொண்டு வந்தன. 1958-ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' என்பதைக் கொண்டு வந்தது.

பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணத்தில் இதெல்லாம் இருக்கிறது. முகூர்த்த நாள் முடிவாகாமல் மண்டபம் பிடிக்க முடியாது. மண்டபம் கிடைக்காமல் பத்திரிகை அடிக்க முடியாது. பத்திரிகை வராமல் ஊருக்குப் போய் அழைக்க முடியாது. இந்தச் சங்கிலியில் ஒரு நாள் தாமதமானால் எல்லாமே ஒரு நாள் தள்ளும். ஆனால் மேளக்காரரிடம் பேசுவதை இந்த வாரமும் செய்யலாம், அடுத்த வாரமும் செய்யலாம். எது தள்ளினால் கல்யாணமே தள்ளும், எது தள்ளினாலும் பாதகமில்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் கிரிட்டிக்கல் பாத். நம்ம பெரியப்பாக்கள் இதை மனக்கணக்காகவே போட்டார்கள்.

பாடமாகப் படித்தால் இதைப் பரீட்சையில் எழுதிவிடலாம். ஆனால் பெரியப்பாவுக்கு அது எப்படி வந்தது? முகூர்த்த நேரத்துக்குச் சம்பந்தி வீட்டார் வந்து நிற்பார்கள் என்ற பயத்தில் வந்தது.

கலிஃபோர்னியாவில் கிளேர்மாண்ட் என்ற ஊரில் ஹார்வி மட் என்று ஒரு சிறிய கல்லூரி, 1955-ல் பிறந்தது. அங்கே 1963-ல் ஜாக் ஆல்ஃபர்ட், மேக் கில்கெஸன் என்ற இரண்டு ஆசிரியர்கள் இந்தப் பயத்தையே பாடத்திட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள். மருத்துவ மாணவர்கள் நிஜ நோயாளியைப் பார்த்துக் கற்பது போல, எஞ்சினியரிங் மாணவர்களுக்கும் ஒரு 'கிளினிக்'. ஒரு கம்பெனி கட்டணம் செலுத்தித் தன் பிரச்சினையைக் கொடுக்கும். நாலைந்து மாணவர்கள் ஒரு கல்வியாண்டு முழுக்க அதில் வேலை செய்வார்கள். அவர்களில் ஒருவர்தான் ப்ராஜெக்ட் மேனேஜர். ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருப்பார். கம்பெனியிலிருந்து ஒருவர் தொடர்பில் இருப்பார். ஆலைக்குக் குடிபோக வேண்டிய அவசியமில்லை. கல்லூரியில் இருந்தபடியே செய்யலாம் என்பதுதான் இதில் புதுமை.

பாரிஸ், 1967

இதுவரை சொன்னதெல்லாம் ஆசிரியர்கள் தொடங்கியது. பிரான்ஸில் மாணவர்களே தொடங்கினார்கள். எஸ்ஸெக் என்ற வணிகக் கல்லூரி மாணவர்கள் 1967-ல் 'ஜூனியர் எஸ்ஸெக்' என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். லாபநோக்கில்லாத சங்கம். ஆனால் நடப்பதெல்லாம் கம்பெனி மாதிரி. வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பது, விலை பேசுவது, ஒப்பந்தம் எழுதுவது, மார்க்கெட் ஆய்வு செய்து கொடுப்பது, பில் போடுவது, கணக்கு வைப்பது எல்லாமே மாணவர் பொறுப்பு. வேலை செய்த மாணவருக்கு ஊதியமும் உண்டு.

இரண்டே வருஷத்தில், 1969-ல், இப்படிப்பட்ட அமைப்புகள் சேர்ந்து ஒரு தேசியக் கூட்டமைப்பை உருவாக்கின. மாணவர் என்றால் வருஷா வருஷம் மாறுவார்கள். பொறுப்பாளர் தொழிலைக் கற்றுக்கொண்டு முடிக்கும்போது படிப்பும் முடிந்துவிடும். போன வருஷம் வாங்கிய நல்ல பெயரை இந்த வருஷம் வந்தவர்கள் கெடுத்துவிடலாம். அதற்காகக் கூட்டமைப்பு வருஷந்தோறும் ஒவ்வோர் அமைப்பையும் தணிக்கை செய்கிறது. பெயரையும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். நினைத்தவர்கள் எல்லாம் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. பழைய குழு புதுக் குழுவுக்கு ஃபைல்களைப் புரியும்படி ஒப்படைத்துவிட்டுப் போவதும் அங்கே ஒரு பெரிய பாடம்.

1980-களின் பிற்பகுதியில் இது பிரேசிலுக்குப் போனது. ஸாவ் பாவ்லோவிலிருந்த பிரெஞ்சு-பிரேசில் வர்த்தகச் சங்கம் முயற்சி எடுக்க, கெட்டூலியோ வர்காஸ் அறக்கட்டளையின் கல்லூரி மாணவர்கள் முதலில் தொடங்கினார்கள். அங்கே அது காட்டுத்தீ போலப் பரவி, 2016-ல் பிரேசில் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டப்படி மாணவர்கள் தொண்டர்கள், சம்பளம் கிடையாது, வரும் வருமானம் கல்விக்கே திரும்பிப் போக வேண்டும், ஆசிரியர் வழிகாட்டுதல் கட்டாயம். பிரான்ஸில் மாணவருக்குப் பணம், பிரேசிலில் இல்லை. எது சரி என்று வாதாடலாம். ஆனால் இரண்டு இடத்திலும் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கலாம் என்பதைக் கவனியுங்கள். பணம் கொடுத்தவர்தான் "இது சரியில்லை, மறுபடி செய்" என்று உரிமையோடு சொல்வார்.

நம் பக்கத்துச் சரித்திரம்

வெளிநாட்டுக் கதை போதும், நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். செய்துகொண்டே வேலை கற்பது நமக்குப் புதிதல்ல. 1794-ல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்ற வெள்ளைக்காரர் எட்டே மாணவர்களோடு நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அளவை வேலைக்கு உதவியாளர்கள் தேவைப்பட்டதால் வந்த பள்ளி அது. பையன்கள் பாடம் படித்ததும் களத்துக்குப் போனார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அந்தப் பள்ளிதான்.

கோவையில் 1926-ல் தோன்றிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தின் மடியில்தான் 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி பிறந்தது. ஐந்து வருஷ 'சாண்ட்விச்' படிப்பு என்று அங்கே ஒன்று உண்டு. வகுப்பும் பட்டறையும் மாறி மாறி வரும். அந்தப் பையன்களுக்கு ஃபவுண்டரி மணல் வாசனை ஹாஸ்டல் வரைக்கும் வரும் என்பார்கள்.

எம்.ஐ.டி. கதையின் நேர் வாரிசு என்றால் ராஜஸ்தானில் இருக்கும் பிலானிதான். 1964-ல் பிர்லா தொழில்நுட்பக் கழகம் உருவானபோது ஃபோர்டு அறக்கட்டளையும் எம்.ஐ.டி.யும் உதவின. இயக்குநர் சி. ஆர். மித்ரா 1973-ல் அங்கே 'பிராக்டிஸ் ஸ்கூல்' தொடங்கினார். பெயரே சொல்கிறதே! இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் ஏறக்குறைய இரண்டு மாதம் ஒரு முறை, கடைசி ஆண்டில் ஐந்தரை மாதம் இன்னொரு முறை. டைரி, வினாடி வினா, செமினார், குழு விவாதம், ரிப்போர்ட் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கம்பெனிக்குப் பையனை அனுப்பிவிட்டு, திரும்பி வரும்போது சர்டிஃபிகேட் வாங்கி வந்தானா என்று மட்டும் பார்க்கிற ஏற்பாடு அல்ல அது.

நம் மாநில அரசு 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியபோதும் பேச்சு இதைப் பற்றித்தான்: பட்டம் இருக்கிறது, வேலைக்கான திறமை எங்கே? வகுப்புக்கு வெளியே பயிற்சி தருவது நல்ல காரியம். ஆனால் பயிற்சி வேறு, பொறுப்பு வேறு.

இதிலிருந்து நமக்கு என்ன?

இத்தனை ஊர் சுற்றி வந்ததில் எனக்குத் தெரிந்த உண்மை ஒன்றுதான். மாணவருக்கு வெளியே ஒருவர் காத்திருக்க வேண்டும். மாணவர் பக்கத்தில் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் கெட்டுவிடும். காத்திருப்பவர் இல்லையென்றால் அது தங்க எழுத்து அட்டை ப்ராஜெக்ட். ஆசிரியர் இல்லையென்றால் அது சம்பளமில்லாத எடுபிடி வேலை. இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் டீ வாங்கி வந்ததையும் ஜெராக்ஸ் எடுத்ததையும் தவிர வேறொன்றும் தெரியாத பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் பழைய மாணவர் ஒருவர் சின்ன ஃபவுண்டரி வைத்திருக்கிறார், வார்ப்பில் ரிஜெக்ஷன் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். நாலு மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் காரணம் கண்டுபிடிக்கச் சொல்கிறார். முதல் வேலை, 'ரிஜெக்ஷன்' என்றால் எது, எத்தனை மாதக் கணக்கு, எந்த வார்ப்பு என்று அவரிடமே கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவது. இல்லாவிட்டால் பாதியில் "அதையும் சேர்த்துப் பாருங்களேன் தம்பி" என்பார். அடுத்தது, மணலைச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றால் முதல் நாளே அதை அனுப்பிவிடுவது. மற்றதை அந்த வாரத்தில் செய்துகொள்ளலாம். (கிரிட்டிக்கல் பாத் வந்துவிட்டதா?) உலையடியில் நிற்கும் பெரியவரிடம் "ஐயா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்கத் தெரிய வேண்டும், பாதி விடை அவரிடம் இருக்கும். குழுவில் ஒருவன் வராமல் போனால் அவன் பங்கை யார் செய்வது என்று சண்டை வரும், அதையும் அவர்களே தீர்க்க வேண்டும். கடைசியில் முதலாளிக்குப் பிடிக்காத உண்மையை மரியாதையாகச் சொல்லத் தெரிய வேண்டும். இதில் எதை எந்தப் பரீட்சையில் கேட்கிறார்கள்?

இந்தப் பிள்ளைகளில் ஒருவரை நான் நேர்முகத் தேர்வில் சந்தித்தால், என் பழைய கேள்விக்கு அறை அமைதியாகாது.

ஆகவே பழைய மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள். சங்கத்துக்கு நன்கொடை கொடுக்கிறீர்கள், நல்லது. கூடவே ஒரு பிரச்சினையும் கொடுங்கள். உங்களுக்கு நிஜமாகவே விடை தேவைப்படும் பிரச்சினையாக இருக்கட்டும். ஒரு செமஸ்டருக்குள் முடிகிற அளவில் இருக்கட்டும். உங்கள் ஆளில் ஒருவரை வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு பேச விடுங்கள். செலவுக்கான பணத்தோடு, சிறு தொகையாவது கட்டணம் கொடுங்கள். சரியாக இல்லையென்றால் "நம்ம பசங்கதானே" என்று விட்டுவிடாமல் திருப்பி அனுப்புங்கள்.

ஒரு வார்த்தை கல்லூரி நிர்வாகத்துக்கு. இப்படிக் குழுவை நடத்தும் ஆசிரியருக்கு அதை அவருடைய பாட நேரமாகவே கணக்கிட வேண்டும். ஆர்வத்தால் ஒருவர் இரண்டு வருஷம் செய்வார். மூன்றாம் வருஷம் களைத்துப் போவார். எம்.ஐ.டி. 1916-லேயே ஆசிரியரை ஆலையில் குடிவைத்தது சும்மா இல்லை.

தம்பி தங்கைகளே, உங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. வேலை வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். முடிக்கும் தேதியை நீங்களே சொல்லுங்கள். சொன்ன தேதியில் முடியாது என்று தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள், கடைசி நாள் வரை மறைக்காதீர்கள். முடித்த பிறகு அடுத்த பேட்சுக்குப் புரியும்படி எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

சந்திப்பு நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பதிவு மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். பெயர், ஊர், தொழில், 'என் பிரச்சினை' என்று நாலு கட்டம் இருக்கும். வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.



- இயந்திரவியல் துறையின் பழைய மாணவன் ஒருவன்